ரொட்டி தட்டுக்கு வரும் வழி: நகரியிலிருந்து வடஇந்தியச் சைவச் சாப்பாட்டுக்கு எங்கே போவது?

நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிறந்தநாள், மணநாள், விடுமுறைக்கு வந்திருக்கும் பேரன் பேத்திகள் என்று ஏதாவது ஒன்றை முன்னிட்டு, எல்லாருமாக வெளியே போய் வடஇந்தியச் சைவச் சாப்பாடு சாப்பிடலாம் என்ற பேச்சு எழுந்தால், எங்கே போவது என்ற கேள்வி உடனே இரண்டு திசைகளில் இழுக்கும். வடமேற்கே ரேணிகுண்டாவைத் தாண்டினால் திருப்பதி. தென்கிழக்கே திருத்தணி வழியாகப் போனால் சென்னை, அதிலும் சௌகார்பேட்டை. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே தங்கிவிட்டன. ஆனாலும் அரக்கோணம் – ரேணிகுண்டா ரயில் பாதையும் சென்னை – திருப்பதி நெடுஞ்சாலையும் இரண்டு பக்கத்தையும் இன்றும் இணைத்தே வைத்திருப்பதால், எந்தப் பக்கம் போனாலும் அன்றே வீடு திரும்பிவிட முடிகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, நெடுஞ்சாலையோரச் சைவ ஓட்டல்களில் இட்லி, தோசையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ‘நார்த் இண்டியன்’ பகுதியும் இருக்கிறது. திருப்பதியிலும் இரண்டு விதமான இடங்கள் உண்டு: ஒன்று தந்தூர் அடுப்பு வைத்த பஞ்சாபி பாணி குடும்ப உணவகம், மற்றொன்று மார்வாடி அல்லது குஜராத்தி முறையில் ‘தாலி’ (ஒரே தட்டில் பல வகைகள் வைத்த முழுச் சாப்பாடு) பரிமாறும் போஜனாலயம். ஆக, எடைபோட வேண்டியவை நான்கு.

உணவுப் பட்டியலின் நீளம், பன்னீர் வகைகளின் எண்ணிக்கை, ஏ.சி. ஹால், கார் நிறுத்த இடம் ஆகியவற்றை வைத்தே பலரும் முடிவெடுக்கிறார்கள். அவை பொருட்படுத்தத் தக்கவைதாம். என்றாலும் முதலில் கேட்க வேண்டியது, அந்த இடத்தில் ரொட்டி அடுப்பிலிருந்து தட்டுக்கு எவ்வளவு விரைவாக, எந்த முறையில் வருகிறது என்பதே என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம்முடைய சாப்பாட்டில் சோறு சற்று நேரம் காத்திருந்தாலும் சோறாகவே இருக்கும்; குழம்பு ஆறினாலும் உண்ணலாம். ரொட்டிக்கு அந்தப் பொறுமை கிடையாது. சூட்டில் நெகிழ்ந்த கோதுமையின் மாவுச்சத்து ஆற ஆற மீண்டும் இறுகுவதும், ஈரம் வெளியேறிவிடுவதும் சேர்ந்து, தந்தூரி ரொட்டியைச் சில நிமிடங்களிலேயே விறைப்பாக்கிவிடுகின்றன. மைதாவில் செய்த ‘நான்’ ரொட்டி இரு கைகளாலும் இழுத்துப் பிய்க்க வேண்டியதாகிவிடுகிறது. நல்ல பல்லுள்ள இளைஞர் அதைச் சமாளித்துக்கொள்வார். பல்செட் கட்டிய பாட்டிக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் அதுவே சாப்பாட்டைக் கெடுத்துவிடும். தொட்டுக்கொள்ளும் சப்ஜி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் ஆறிய ரொட்டியை அது காப்பாற்றுவதில்லை. நல்ல ஃபுல்கா (உப்பிய மெல்லிய சப்பாத்தி) சூடாக வந்துகொண்டிருந்தால் வெறும் பருப்பே போதும் என்று தோன்றும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நெடுஞ்சாலையோர ஓட்டலைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அங்கே சமையற்கட்டின் உயிர் தோசைக்கல்லிலும் இட்லிக் கொப்பரையிலும் இருக்கிறது. வடஇந்தியப் பகுதி ஒரே ஒரு தந்தூர் மாஸ்டரின் பொறுப்பு. அவர் பெரும்பாலும் மாலையில்தான் அடுப்பு மூட்டுவார் என்பதால், மதியம் போய் ‘நான்’ ரொட்டி கேட்டால் ‘சப்பாத்தி, பரோட்டாதான் இருக்கு சார்’ என்று சப்ளையர் சொல்வது வழக்கம். வீட்டுக்கு அருகில் இருப்பதும், சோறுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கும் பெரியவருக்கு ஒரு மீல்ஸ் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்பதும் இந்த இடங்களின் நன்மைகள். நீரிழிவுக்கு மருந்து எடுத்துக்கொள்பவர் குறித்த நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும் என்றால் இந்த அருகாமை பெரிய உதவிதான். வடஇந்தியச் சாப்பாட்டுக்காகவே கிளம்பும் நாளில் இங்கே நிறுத்தாமல் மேலே போவது நல்லது.

பஞ்சாபி பாணி உணவகம் இதைவிட உயர்ந்த படி. 1947 பிரிவினைக்குப் பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து இடம்பெயர்ந்து டெல்லிக்கு வந்தவர்களின் கைகளில் வளர்ந்து, பிறகு நாடெங்கும் பரவிய சமையல் அது. நாம் ‘வடஇந்தியச் சாப்பாடு’ என்று சொல்லும்போது மனத்தில் எழும் ‘நான்’ ரொட்டி, தால் மக்கனி, பன்னீர் பட்டர் மசாலா எல்லாம் அந்த வழியில் வந்தவை. மண்ணால் ஆன தந்தூரின் உட்சுவர் 400 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கும். அதில் அறைந்து ஒட்டப்படும் மாவு ஓரிரு நிமிடங்களில் உப்பி, ஆங்காங்கே கரும்புள்ளி விழுந்து வெந்துவிடும். அந்தச் சூட்டை வீட்டு அடுப்பில் கொண்டுவர முடியாது என்பதால், வெளியே போய்ச் சாப்பிடுவதற்கு இதைவிட நியாயமான காரணம் வேண்டியதில்லை.

ஆனால் இங்கே இரண்டு செய்திகளைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். முதலாவது கிரேவி. இத்தகைய சமையற்கட்டுகளில் காலையிலேயே மூன்று நான்கு அடிப்படைக் கிரேவிகளைக் கிளறி வைத்துவிடுவார்கள்: தக்காளியும் வெண்ணெயும் சேர்ந்த மக்கனி, முந்திரியும் வெள்ளரி இன விதைகளும் அரைத்த வெள்ளைக் கிரேவி, வெங்காயத்தையும் தக்காளியையும் வதக்கிய பழுப்புக் கிரேவி, சில இடங்களில் கீரைக் கிரேவி. பட்டியலில் உள்ள முப்பது பெயர்களும் பெரும்பாலும் இவற்றின் கலவைகளே. பன்னீர் பட்டர் மசாலா, வெஜ் மக்கன்வாலா, பன்னீர் லபாப்தார் என்று மூன்று கிண்ணங்கள் வரவழைக்கும் குடும்பம் ஏறக்குறைய ஒரே கிரேவிக்கு மூன்று முறை பணம் கொடுக்கிறது. ஆகவே தக்காளி வெண்ணெயில் ஒன்று, கிரேவியே இல்லாத உலர்ந்த சப்ஜி ஒன்று (பிண்டி மசாலா, ஆலு கோபி, ஜீரா ஆலு போன்றவை), பருப்பு ஒன்று என்று பிரித்துக் கேட்பதுதான் சரி. பருப்பிலும் தால் மக்கனி முழுக் கறுப்பு உளுந்தையும் ராஜ்மாவையும் நெடுநேரம் வேகவைத்து வெண்ணெயும் க்ரீமும் சேர்ப்பது. இரவு தாமதமாகச் சாப்பிடும் பெரியவருக்கு அது கனமாக இருக்கும். துவரம்பருப்பில் சீரகமும் பூண்டும் தாளித்த தால் தட்கா நம் வயிற்றுக்குப் பழகியது.

இரண்டாவது, நான் முதலில் சொன்ன ரொட்டிதான். பஞ்சாபி உணவகத்தில் ரொட்டி கூடையில் மொத்தமாக வரும். பத்துப் பேர் உட்கார்ந்து பதினைந்து ரொட்டி சொன்னால், முதலில் அடுப்பிலிருந்து எடுத்தது கடைசி ரொட்டி வேகும்வரை காத்திருக்கும். மேசைக்கு வரும்போது பாதி ஆறியிருக்கும். இதற்கு எளிய வழி உண்டு: முதல் சுற்றில் ஆளுக்கு ஒன்று கூட வேண்டாம், இருவருக்கு ஒன்று என்று சொல்லி, பாதி சாப்பிடும்போதே அடுத்த சுற்றைச் சொல்லிவிட வேண்டும். சப்ளையருக்கு இது தொல்லைதான், ஆனால் அமைதியாகக் கேட்டால் மறுப்பவரை நான் கண்டதில்லை. இந்த உணவகம் நான்கு பேருக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, பத்துப் பேருக்குத் தடுமாறுகிறது என்று நான் சொல்வதற்கு இந்தக் கூடைதான் காரணம்.

பன்னீரைப் பற்றியும் ஒரு சொல். பாலைத் திரித்துச் செய்வதுதான் பன்னீர். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்ததைப் பன்னீர் என்ற பெயரில் விற்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. சந்தேகம் இருந்தால் எந்த நிறுவனப் பன்னீர் என்று தயங்காமல் கேட்கலாம். நல்ல உணவகம் மகிழ்ச்சியோடு பதில் சொல்லும்.

இனி போஜனாலயம். திருப்பதியில் வடஇந்தியச் சாப்பாடு வேர்விட்டதற்கு யாத்திரிகர்களே காரணம். திருமலைக் கோயில் நிர்வாகமே 1843 முதல் 1933 வரை, வடநாட்டிலிருந்து வந்த வைணவத் துறவியின் பெயரால் அமைந்த ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளிடம் (மடத் தலைவர்களிடம்) இருந்தது; அதன் பிறகுதான் தேவஸ்தானம் அமைந்தது. ராஜஸ்தானம், குஜராத், மகாராஷ்டிரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் இன்றும் வந்துகொண்டே இருக்கும் குடும்பங்களுக்கு, விரதத்துக்குப் பங்கம் வராத, சுத்தமான, விரைவான சாப்பாடு வேண்டியிருக்கிறது. அந்தத் தேவையில் பிறந்த இடங்கள் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் சுற்றி இருக்கின்றன. மேசை விரிப்பும் மங்கிய விளக்கும் அங்கே இருக்காது. எஃகுத் தட்டில் இரண்டு சப்ஜி, ஒரு பருப்பு, மோர்க்குழம்பு போன்ற ‘கடி’, ஊறுகாய், மோர். கையில் பாத்திரத்தோடு ஒருவர் சுற்றிக்கொண்டே இருப்பார், அதில் ஃபுல்கா. தவாவில் பாதி வெந்து, நேரடித் தீயில் உப்பி, நெய் தடவப்பட்டு, ஒன்று ஒன்றாக நம் தட்டில் விழும். முன்னதைத் தின்று முடித்த பிறகே அடுத்தது விழுவதால், எத்தனை பேர் உட்கார்ந்தாலும் ஒவ்வொருவருக்கும் சூடான ரொட்டிதான். பஞ்சாபி உணவகத்தில் நாம் தந்திரம் செய்து பெற வேண்டியதை இங்கே பரிமாறும் முறையே கொடுத்துவிடுகிறது. முழுக்கோதுமை மாவில் மெல்லியதாக இட்டது என்பதால் பாட்டியின் பல்லுக்கும் அது இடையூறு செய்வதில்லை.

வெங்காயம், பூண்டு சேர்க்காதவர் குடும்பத்தில் ஒருவர் இருந்தாலும் போஜனாலயத்தின் பக்கம் தராசு இன்னும் சாய்கிறது. பஞ்சாபி உணவகத்தில் ‘வெங்காயம் இல்லாமல்’ என்று சொன்னால் மேலே தூவுவதைத்தான் தவிர்ப்பார்கள். காலையிலேயே கிளறிய கிரேவிக்குள் அது ஏற்கெனவே கரைந்திருக்கும். ஜைனர்களும் வைணவர்களும் உண்ணும் போஜனாலயத்தில் பெருங்காயமே அந்த இடத்தை நிரப்புகிறது. ஜைனர் என்றால் உருளைக்கிழங்கு, கேரட் போன்ற மண்ணுக்கடியில் விளைபவையும் விலக்கு என்பதால், அத்தகைய விருந்தினர் உடன் வரும்போது முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். பொழுது சாய்ந்தபின் உண்ணாத ஜைனர் வழக்கத்தை ஒட்டிச் சில இடங்களில் இரவுச் சாப்பாடு மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிட்டு நகரி திரும்ப நினைக்கும் குடும்பத்துக்கு இது எதிர்பாராத வசதி.

தாலியிலும் குஜராத்தி, ராஜஸ்தானி இரண்டையும் ஒன்றாகக் கருதக் கூடாது. குஜராத்திப் பருப்பில் வெல்லம் விழும், கடியும் இனிக்கும், தோக்லா, காண்ட்வி போன்ற ஃபர்சான் என்ற சிற்றுண்டிகள் முதலிலேயே வரும், கோடையில் மாம்பழச் சாறான ஆம்ரஸ், குளிர்காலத்தில் பல காய்கள் சேர்ந்த உந்தியு கிடைத்தால் அது பெரும் பேறு. ராஜஸ்தானி வகையோ நீரும் காய்கறியும் அரிதான தார் பாலைவனத்தின் அறிவு. பச்சைக் காய்க்குப் பதில் கடலைமாவை உருட்டி வேகவைத்துக் குழம்பிலிட்ட கட்டே, காயவைத்துப் பத்திரப்படுத்திய கேர் என்ற காயும் கேஜ்ரி மரத்தின் நெற்றான சாங்கரியும் சேர்ந்த சப்ஜி, அனலில் சுட்ட கோதுமை உருண்டையை நெய்யில் ஊறவைத்துப் பல பருப்புகள் கலந்த தாலோடு உண்ணும் ‘பாட்டி’ (baati) என்ற பண்டம், அதையே பொடித்து இனிப்பாக்கிய சூர்மா என்று எல்லாமே குறைவிலிருந்து நிறைவைக் கண்டவை. தயிரையும் கடலைமாவையும் சேர்த்துக் காய்ச்சும் கடி நம் மோர்க்குழம்புக்கு ஒன்றுவிட்ட சகோதரி. ஆந்திரத்துக் காரத்துக்குப் பழகிப்போன நம் எல்லைப்புறத்து நாக்குக்கு ராஜஸ்தானித் தாலிதான் உடனே ஒத்துவரும்; குஜராத்தித் தாலியின் தித்திப்பைக் குழந்தைகள் கொண்டாடுவார்கள், பெரியவர்கள் ஊறுகாயைத் தேடுவார்கள்.

நம்மவர்கள் தாலியில் வழக்கமாகச் செய்யும் ஒரு காரியத்தை இங்கே குறிப்பிட வேண்டும். உட்கார்ந்ததும் சோறு கேட்கிறார்கள். வடக்கே, குறிப்பாகக் குஜராத்தில், சோறு சாப்பாட்டின் கடைசிக் கட்டம். ரொட்டி முடிந்த பிறகே சோறும் பருப்பும் வரும். முதலிலேயே சோற்றால் வயிற்றை நிரப்பிவிட்டால், எதற்காக இவ்வளவு தூரம் வந்தோமோ அந்த ரொட்டிக்கு இடமிருக்காது. பெரியவர்களிடம் காரிலேயே இதைச் சொல்லிவைத்தால் நல்லது.

சௌகார்பேட்டை ஒரு தனி உலகம். மின்ட் தெருவையும் அதன் கிளைகளையும் மார்வாடி, குஜராத்தி வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தங்கள் ஊராக்கிக்கொண்டதால், அங்கே சமைக்கப்படுவது முதலில் அவர்களுக்காகத்தான், நாம் விருந்தினர். சுவையில் எந்தச் சமரசமும் இல்லாமல் இருப்பதற்கு அதுவே காரணம். மின்ட் தெருவின் காகடா ராம்பிரசாத்தில் ஜிலேபியும் ஆலு டிக்கியும், சுற்றுவட்டத்தில் கச்சோரி, சாட், பாதாம் பால் என்று நடந்துகொண்டே சாப்பிடலாம். போஜனாலயங்களும் உண்டு. திருத்தணியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்குப் புறநகர் மின்ரயில் இருப்பதும், சென்ட்ரலிலிருந்து சௌகார்பேட்டை ஆட்டோவுக்கு மிக அருகே என்பதும், கார் இல்லாத குடும்பத்துக்கு இதைச் செலவு குறைந்த வழியாக்குகின்றன.

ஆனாலும் தயக்கமில்லாமல் சொல்ல வேண்டியது, மூட்டு வலியுள்ளவரை அழைத்துக்கொண்டு அங்கே போகக் கூடாது என்பது. சந்துகள் குறுகியவை; தள்ளுவண்டியும் இருசக்கர வாகனமும் சுமைதூக்குவோரும் ஒருவரை ஒருவர் உரசிச் செல்லும் இடத்தில் முதியவர் நிற்கவும் இடமிருக்காது; நல்லவற்றில் பாதி நின்றுகொண்டு சாப்பிடும் வகை. கல்லூரிப் பிள்ளைகளும் இளம் தம்பதியரும் போனால் அந்தத் தெருவை விட மனம் வராது. குடும்ப விருந்துக்கு என்றால் அது பொருத்தமான இடம் அல்ல.

எந்த மாதம் என்பதையும் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் சைவத்தை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் புரட்டாசியில்தான் வெளியே சைவச் சாப்பாடு தேடும் ஆசையும் கூடுகிறது. அந்த மாதத்துச் சனிக்கிழமைகளில்தான் திருப்பதியும் நிரம்பி வழிகிறது. பிரம்மோற்சவ நாள்களில் போஜனாலய வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தாலே பசி ஓடிவிடும். பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதிக் குடைகள் யானைக்கவுனியைத் தாண்டிப் புறப்படும் நாளில் சௌகார்பேட்டைப் பக்கமும் நெரிசல்தான். மற்ற நாள்களில் புரட்டாசிக்குச் சென்னைப் பக்கமே மேல். வாரநாளில் போக முடிந்தவர்களுக்குத் திருப்பதியில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

செலவைப் பொறுத்தவரை, தாலிக்குத் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு கிளம்பும்போதே தெரிந்துவிடும். பஞ்சாபி உணவகத்தில் பில் வரும்வரை தெரியாது. கொறிக்க மட்டும் செய்யும் குழந்தைக்கும் முழுத் தாலி விலை கேட்கும் இடங்கள் உண்டு என்பதால், குழந்தைகள் அதிகமாக இருந்தால் அதை முதலிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். சாதாரண உணவகங்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். சேவைக் கட்டணம் என்று தனியாகச் சேர்த்திருந்தால் அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. நீக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

மூன்று தலைமுறையும் சேர்ந்து ஏழெட்டுப் பேருக்கு மேல் போகிறோம் என்றால், நான் எந்த யோசனையும் இல்லாமல் திருப்பதி போஜனாலயத்தில், அதுவும் ராஜஸ்தானித் தாலியில், அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு என்றுதான் சொல்வேன். நெய்யும் இனிப்பும் நிறைந்த தாலியை இரவில் உண்டு உடனே காரில் ஏறுவது யாருக்கும் நல்லதல்ல. நான்கு பேர் நிதானமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட வேண்டிய மாலை என்றால் தந்தூர் உள்ள பஞ்சாபி உணவகம். அங்கேயும் ஏழு, ஏழரை மணிக்குள் உட்கார்ந்துவிட்டால் கூட்டம் சேருமுன் அடுப்பு நமக்காக வேலை செய்யும். பிள்ளைகள் மட்டும் என்றால் திருத்தணி மின்ரயிலில் ஏற்றி அனுப்பிவிடலாம்.

வடநாட்டு விருந்தினரையே அழைத்துப் போகும்போது மட்டும் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். அவர்கள் தினமும் வீட்டில் உண்ணும் ஃபுல்காவை அவர்களுக்கே வாங்கிக் கொடுப்பதில் உபசாரம் இல்லை. பயணக் களைப்பில் இருப்பவர்கள், விரதம் இருப்பவர்கள், ஜைன முறையில் உண்பவர்கள் என்றால் போஜனாலயத்துக்கே அழைத்துச் செல்லலாம். மற்றவர்களை நெடுஞ்சாலையோர ஓட்டலுக்கு அழைத்துப்போய் நெய் தோசையும் பெசரட்டும் சொல்ல வேண்டும், நார்த் இண்டியன் பக்கத்தைத் திருப்பவே வேண்டாம்.